மத்தியானப் பூட்டு

கிட்ட வாங்க. அங்கேயே நின்னுக்கிட்டு எட்டிப் பார்த்தா எப்படி? பக்கத்துல உட்காருங்க. சொல்லும்போது எனக்கே படபடன்னு வருது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் மருந்துக் கிடங்குக்குப் புதுசாகப் பொறுப்பேற்றவள் ஒரு சின்னப் பெண். அவளுடைய லாகின் மத்தியானம் ஆனால் பூட்டிக்கொள்ளும். சாப்பிடப் போகும்போது நன்றாகத்தான் இருக்கும். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து!

பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டால் அந்த இயந்திரம் கதவைச் சாத்திவிடும். அப்புறம் கம்ப்யூட்டர்க்காரர் வந்துதான் திறக்கவேண்டும்.

அன்றைக்கும் ஓட்டமாய் ஓடி வந்தார்.

"மறுபடியுமா தாயே? சொந்தப் பாஸ்வேர்டு கூடவா மறந்துபோகும்?"

"சத்தியமா நான் இல்லைண்ணா! நான் அங்கே தட்டு முன்னாடி உட்கார்ந்திருந்தேன்!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அழாதேம்மா. நீ என் பொண்ணு மாதிரி," என்றார் அங்கே நின்றிருந்த மேலாளர். "தம்பி, சீக்கிரம் திறந்து விடுங்க. நாளைக்குச் சாயங்காலம் மேலிடத்திலிருந்து சரக்கு சரிபார்க்க வர்றாங்க. ஒரு பெட்டி குறைஞ்சாலும் பாவம், இந்தப் பொண்ணு வேலை போயிடும்."

பக்கத்து மேஜையிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு.

சிரித்தவளுக்கு அங்கே சிடுமூஞ்சி என்றுதான் பெயர். போன வருஷம் வரை கிடங்குப் பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. அதைப் பிடுங்கிச் சின்னவளிடம் கொடுத்ததிலிருந்து இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஒரு பாஸ்வேர்டைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை. இதுல பொறுப்பு ஒரு கேடு!" என்றாள்.

கம்ப்யூட்டர்க்காரருக்குச் சுருக்கென்றது. அவர் கம்ப்யூட்டர் பதிவைத் துருவிப் பார்த்தார். தப்பெல்லாம் சின்னவளின் மேஜையிலிருந்தேதான் விழுந்திருந்தது. அவள் இல்லை என்றால், அவள் நாற்காலியில் வந்து உட்காருகிறவர் யார்?

'இருடி, நாளைக்கு வச்சுக்கறேன்' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனார்.

மறுநாள் மத்தியானம் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். மூக்கெல்லாம் பஞ்சு. தும்மல் வேறு வருகிறது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சின்னவள் சாப்பிடப் போனாள். கொஞ்ச நேரத்தில் சிடுமூஞ்சி எழுந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சின்னவளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கண்டதையும் தட்டினாள். தப்பு. மறுபடி தட்டினாள். தப்பு. இன்னொரு தடவை.

சிவப்பு எழுத்து!

"பிடிச்சுட்டேன்!"

அடக்கி வைத்த தும்மலோடு அவர் பாய்ந்த வேகத்தில் கையுறைப் பெட்டிகள் மடமடவென்று சரிந்தன. ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. சின்னவள் வாயில் போட்டதை மெல்லாமலே ஓடி வந்தாள். மேலாளருக்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை. அவர் ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தார்.

"ஆமா, நான்தான். தினமும் நான்தான்," என்றாள் சிடுமூஞ்சி. துளி வெட்கம் இல்லை.

"அக்கா! உங்களுக்கு நான் என்னக்கா பண்ணேன்?"

"வயித்தெரிச்சல்! வேற என்ன?" மேலாளர் குதித்தார்.

"ஏன் பண்ணீங்கன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என்றார் கம்ப்யூட்டர்க்காரர்.

"ஒரு தடவை சொல்லி ஓய்ஞ்சாச்சு. சிடுமூஞ்சி பேச்சு யார் காதுல ஏறும்?"

"இந்த அம்மாவை அப்புறம் கவனிச்சுக்கறேன். நேரமாகுது தம்பி, முதல்ல திறங்க!" என்றார் மேலாளர்.

அவர் திறந்துவிட்டார். எல்லோரையும் திரும்பிக்கொள்ளச் சொல்லி, சின்னவளைப் புதுப் பாஸ்வேர்டு போடச் சொன்னார். போட்டாள். உள்ளே போனது. அப்பாடா என்று அவர் நெற்றியைத் துடைக்கிறார், அதற்குள் மேலாளர் குனிந்துவிட்டார்.

"புதுசா என்னம்மா போட்டே? காதுல சொல்லு. சொல்லிட்டு நீ போய் மிச்சத்தைச் சாப்பிடு. வழக்கம்போல நான் பார்த்துக்கறேன்."

சின்னவளும் அவர் காதை நோக்கிச் சாய்ந்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க!" கம்ப்யூட்டர்க்காரர் கத்தியேவிட்டார். "உங்க பாஸ்வேர்டு அவருக்கு எதுக்கு?"

"இப்படிப் பூட்டிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியெல்லாம் மத்தியானத்துல சார்தான் என் லாகின்ல போய்ச் சரக்குப் பதிவெல்லாம் பார்ப்பார்ண்ணா. நான் தனியாக் கஷ்டப்படக் கூடாதுன்னு. என்னைப் பொண்ணு மாதிரி..."

"என்னையும் அப்படித்தான் சொன்னார்," என்றாள் சிடுமூஞ்சி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நானும் காதுல சொன்னேன். ஊசி மருந்துப் பெட்டி காணாமப் போனப்போ வெளியே எடுத்ததா பதிவாகியிருந்தது என் பேரு."



சின்னவள் மெதுவாக நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"உளறல்! நகருங்க எல்லாரும்!" என்று திறந்திருந்த திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

சிடுமூஞ்சி முந்திக்கொண்டாள். சின்னவளின் லாகினை மூடினாள். தடதடவென்று தட்டினாள். தப்பு, தப்பு, தப்பு! பூட்டு விழுந்தது. பிறகு கீபோர்டை அப்படியே மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்போ உங்க சொந்தப் பேர்ல உள்ளே போங்க சார். நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கறோம்."