பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கோலி

அரபு நாட்டு ருவைஸ் நகரத் தமிழரின் விஞ்ஞானச் சங்கம் 1984இலும் ஏதோவொரு லண்டன் சங்கத்தின் 1905ஆம் ஆண்டு விதிகளையே கட்டிக்கொண்டு அழுதது. வெள்ளைக் கோலி போட்டால் சம்மதம்; ஒரேயொரு கறுப்பு விழுந்தாலும் ஆள் சேர முடியாது.

மாரடைப்பில் இறந்த ஏழாவது உறுப்பினர் வல்லிபுரத்தின் இடத்துக்கு ரெங்கராஜை எடுக்க, அந்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் வாக்களித்தார்கள். செயலாளர் கதிர்காமு பெட்டியைக் கவிழ்த்தார். ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு.

“ஆறு பேர்தானே இருக்கிறம்?” என்றார்.

“திரும்பப் போடுவம்,” என்றார் தலைவர் இராஜரத்தினம்.

கறுப்புக் கோலிகள் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மறுபடி வாக்களித்தார்கள். ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு.

கதிர்காமு கூட்டக் குறிப்பில், ‘ரெங்கராஜ் நிராகரிக்கப்பட்டார், சமூகமளித்தோர் ஆறு பேர்’ என்று எழுதினார்.

இராஜரத்தினம் எட்டி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏழு பேரெண்டு திருத்தும், கதிர்காமு.”