பலகைக்கு ஊற்றிய தண்ணீர்

ஆப்பிரிக்காவில் ஒரு விவசாயப் பல்கலைக்கழகம். அதன் மாதிரி வயலில், வெளிநாட்டு உதவித் திட்டத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளம் வாடி நின்றது. தோட்டக்காரர் குடத்தோடு வருவதைப் பார்த்ததும் அதற்கு உயிர் வந்தது. அவரோ பலகையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார்.

“அண்ணே, எனக்கும் ஒரு வாய் தண்ணி விடச் சொல்லுங்களேன்,” என்று பலகையிடம் கெஞ்சியது சோளம்.

“சும்மா இருடா. திட்டத்தை மதிப்பிட இன்னைக்கு ஆளுங்க வர்றாங்க. நான் பளிச்சுன்னு இருந்தாத்தான் உனக்கு நாளைக்குத் தண்ணி,” என்றது பலகை.

வந்தவர்கள் பலகையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். திட்டம் அமோக வெற்றி என்றார்கள். இன்னும் பெரிய பலகையாக வைக்கச் சொன்னார்கள்.

மறுநாள் சோளத்தைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பலகையை சிமென்ட் போட்டு நட்டார்கள். சிமென்ட் காய்ந்து வெடித்துவிடுமே என்று தோட்டக்காரர் காலையும் மாலையும் அதன் அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதை, சோளம் வரப்பில் கிடந்தபடி பார்த்தது.