மிச்சமிருந்த சார்ஜ்

படக்கென்று டிவி இருண்டது.

டிராகனின் மூன்றாவது தலையை வெட்ட வாளை ஓங்கியிருந்த ஜெரிகோ, "ஐயோ!" என்று சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். மெஷினை டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கிலிருந்து அவனுடைய கேம் மெஷினை உருவிக் கையில் வைத்திருந்தாள் அவன் மனைவி லீஸெல். பெரிய திரையில் அணைந்துபோன சண்டை, அவள் கையிலிருந்த சின்னத் திரையில் தொடர்ந்துகொண்டிருந்தது.

"குடு லீஸெல்! செத்துடுவேன்!"

"செத்தாச்சு," என்றாள் அவள், திரையைப் பார்த்து. "மென்னு துப்பிடுச்சு. பல்லுகூட விளக்காம டிராகனை வெட்ட உக்காந்தா வேற என்ன நடக்கும்?"

மெஷினை அதன் உறையில் போட்டு, ஆபீஸ் பைக்குள் திணித்தாள். ஜெரிகோ வேலை பார்த்த கம்பெனி மூடியபின் முதல் சில மாதங்கள் அவன் நாள் முழுக்க டிவி முன்னால் ஆடித் தீர்த்தான். இப்போதெல்லாம் காலையில் லீஸெல் அதைக் கையோடு கொண்டுபோய்விடுவாள். மாலையில்தான் திரும்பக் கிடைக்கும். அது வீட்டில் இருக்கும்வரை அவன் வேலை தேடமாட்டான் என்பது அவள் தீர்ப்பு.

"இன்னைக்கு இன்டர்வியூ இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா, மகாராஜா?"

"இருக்கு, இருக்கு. அது கிடக்கட்டும். நேத்தும் நீ கொண்டுவந்தப்ப சார்ஜ் சுத்தமா இல்ல. காலையில ஃபுல்லா இருந்துச்சு."

"பையில சும்மாதான் கிடந்துச்சு. உன் மெஷினும் உன்ன மாதிரிதான். தூங்கித் தூங்கியே தீர்ந்துபோகுது."

தூங்கப் போட்டாலும் இந்த மெஷின்கள் பேட்டரியைக் குடித்துவிடும் என்று இவற்றை வைத்திருக்கும் எல்லோரும் புலம்புவதுதான். அவனும் ஃபேஸ்புக் குழுவில் நீளமாகப் புலம்பியிருந்தான். முகம் தெரியாத பலர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள்.

"இதுதான் கடைசி," என்றாள் லீஸெல், மிச்சமிருந்த பண்டேசால் ரொட்டியைக் காபியில் தோய்த்தபடி. "இந்த வேலையும் கிடைக்கலைன்னா நீ உங்கம்மா வீட்டுக்கு இலோய்லோவுக்குக் கப்பல் ஏறு. வேலை கிடைச்சப்புறம் மணிலாவுக்கு வா. நாள் பூரா திரையைப் பார்த்துக் கண்ணு எரிய வர்றவ நானு. உன்னையும் சேர்த்துச் சுமக்க என்னால முடியாது."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

மதியம் புயல் எச்சரிக்கையை இன்னும் ஒரு படி ஏற்றினார்கள். இன்டர்வியூ முடிந்து, இருந்த ஒரே நல்ல சட்டையும் நனைந்துபோய் ஜெரிகோ வீடு வந்து சேர்ந்தான். கொஞ்ச நேரத்தில் லீஸெலும் வந்துவிட்டாள். அவள் குடை தலைகீழாகப் புரண்டிருந்தது.

"சீக்கிரமே வந்துட்ட?"

"புயல்னு எல்லாத்தையும் மூடிட்டாங்க. உன் கதை என்னாச்சு?"

"சொல்லி அனுப்புறோம்னாங்க."

"அனுப்புவாங்க, அனுப்புவாங்க. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவாங்க. என்னதான் கேட்டாங்க?"

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டாங்க."

"டிராகன்கிட்ட செத்துக்கிட்டிருந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே? நானா இருந்தா வெக்கத்துல உசுரு போயிடும். முழுசா ஒரு ஆம்பள, ஒரு வேலையும் இல்லாம, பட்டனை அமுக்கிக்கிட்டு, பொண்டாட்டி சம்பளத்துல சோறு திங்கிறது! கப்பல் எப்பன்னு பாரு. நான் தலையைத் துவட்டிட்டு வரேன்."

பையைச் சோபாவில் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

ஜெரிகோவின் கை தானாகப் பைக்குள் போய் மெஷினை எடுத்தது, தானாக டாக்கில் செருகியது. மற்ற நாட்களில் அது செத்துப்போய்த்தான் வரும். சார்ஜ் ஏற்றி, தன் பெயரில் உள்ளே போய், ஆட்டத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும். இன்று பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சமிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த மெஷின், விட்ட இடத்திலேயே விழித்துக்கொண்டது.

டிவி முழுக்க ஒரு வெள்ளிக் கோபுரம். அதன் உச்சியில் நின்றது அவன் ஆட்டத்தில் வரும் தொப்பை வீரன் அல்ல. வில்லேந்திய ஒரு பெண். மூன்று தலை டிராகனின் தோல் அவள் தோளில் போர்வையாகத் தொங்கியது. திரையின் மூலையில் பெயர்: லீஸெல்.

தலையில் துண்டோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"அது வந்து... சாப்பாட்டு நேரத்துல... சும்மா கொஞ்சம்..."

ஜெரிகோ அவள் பக்கம் திரும்பவில்லை. ஆட்டத்தின் வரைபடத்தைத் திறந்தான். எல்லா நாடுகளும் வெளிச்சமாக இருந்தன. அவன் ஆட்டத்தில் அதில் பாதி இன்னும் இருட்டுதான்.

"பாதாளச் சுரங்கத்தையும் முடிச்சிருக்க," என்றான் மெதுவாக.

"சொன்னேனே, சாப்பாட்டு நேரத்துல..."

"சாப்பாட்டு நேரத்துல சுரங்கத்து வாசலைக்கூடத் தாண்ட முடியாது. இங்க வரணும்னா காலையில உக்காந்து சாயங்காலம்தான் எந்திரிக்கணும். அதுவும் தினமும். கேட்க ஒரு ஆள் இருக்கக் கூடாது, போக ஒரு இடம் இருக்கக் கூடாது. மத்த எது தெரியலைன்னாலும் இது எனக்கு நல்லாத் தெரியும்."

லீஸெல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். காற்று ஜன்னலை உலுக்கியது.

"உன்னை எப்ப வேலையை விட்டு அனுப்புனாங்க, லீஸெல்?"