மார்லிஸின் சில்லிட்ட கை

டுலூத் ஆஸ்பத்திரியின் ஜன்னலில், உறைந்த ஏரியில் பட்ட மதிய வெயில் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கிறது. என் பக்கத்துக் கட்டிலில் கிழவர் ரெய்னோ தூங்குகிறார். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை பார்த்து, தூசியும் சிகரெட்டுமாக நுரையீரலைத் தீர்த்துவிட்டவர். காலையெல்லாம் மூச்சுக்குத் தவித்த அப்பா கண்ணயர்ந்த நிம்மதியில் மகள் ஐலா போர்வையைச் சரிசெய்கிறாள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டு என்று திரை பச்சையாக மினுக்குகிறது. நர்ஸ் மார்லிஸ் வந்து கிழவரின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், விடாமல் நிற்கிறாள். அவள் கை பட்டாலே "பொணத்தைத் தொட்டுட்டு வர்றியா?" என்று கத்துகிறவர் இன்று இமைகூட அசைக்கவில்லை.

"ஆக்சிஜனைக் கூட்டினது யாரு?" "நான்தான் சிஸ்டர்," என்கிறாள் ஐலா. "பார்க்கப் பாவமா இருந்துச்சு. இப்ப நல்லா தூங்குறாரே?" "இது தூக்கமில்லைங்க, மயக்கம். இவர் நுரையீரலுக்கு இவ்வளவு ஆகாது. கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தேங்குது." டாக்டரை அழைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஆக்சிஜன் குழாயின் குமிழைத் திருகி மெல்லக் குறைக்கிறாள். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. "ஐயோ, இறங்குதே!" "இறங்கட்டும். இவருக்குத் தொண்ணூறு போதும்." ஐலாவின் கண் திரையை விட்டு நகரவில்லை. மார்லிஸ் திரையைப் பார்க்கவே இல்லை; தோளை உலுக்குகிறாள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், செருப்புக் காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அறுவை செய்த என் நெஞ்சு தையலுக்குள் படபடக்கிறது. தொண்ணூற்றொன்று. அந்தச் சில்லிட்ட கையைக் கிழவரின் கழுத்தில் வைக்கிறாள். தோள் குறுகுகிறது. முகம் சுளிக்கிறது. "எடுடி... கையை... சனியனே." அவள் எடுக்கவில்லை. "திட்டுங்க," என்கிறாள். "இன்னும் நல்லா திட்டுங்க."