திருவிருந்துக்கு நீட்டிய கை

பீடத்தின் முன் முழந்தாளிட்டிருக்கும் சுகிர்தமலரின் நீட்டிய கைகளில் யன்னல் வெயில் விழுகிறது. கள்ளச் சாராயமான கசிப்பைக் காய்ச்சிய அடுப்பு சுட்ட தழும்புகள் நன்றாகவே தெரிகின்றன. அதற்காக ஆறு மாதம் சிறை மறியலில் இருந்து போன கிழமைதான் வெளியே வந்தவள். அப்பத் தட்டோடு வந்த போதகர் அவள் முன்னால் தயங்கி நிற்கிறார். சபை மூப்பர் செல்வத்துரை மாஸ்ரர் பின்னாலிருந்து அவள் காதருகே குனிகிறார். “எழும்பு பிள்ளை. நீ திருந்தினதைச் சபை முதல் பாக்கட்டும். பிறகு எடுக்கலாம்.” அவள் திரும்பவில்லை. “இப்பத்தானே மாஸ்ரர், எல்லாரும் ஒண்டா நிண்டு நாங்கள் பாவியள் எண்டு சொன்னனீங்கள். உங்கடை குரல்தான் பெரிசாக் கேட்டது.” வாங்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாரோ சிரிப்பை இருமலாக்குகிறார்கள். “அது பொதுவாச் சொல்லுறது” என்கிறார் மாஸ்ரர். “நான் செய்ததை விவரமாச் சொன்னனான். நீதவானுக்கும் சொன்னனான், ஆண்டவருக்கும் சொன்னனான். திருந்தின ஆக்களுக்கெண்டால் அவர் ஏன் சிலுவையிலை தொங்கினவர்? எனக்கு இது வேணும். எழும்ப மாட்டன்.” மாஸ்ரரின் கை அவள் தோளைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. தலைக்கு மேலே காற்றாடி கிறீச்சிடுகிறது. போதகர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறாள். விரல் நுனிகள் தட்டின் விளிம்பில் முட்டுகின்றன.