நிரவிய மணல்

"தொட்டிக்குள்ள யாரு கையை விட்டது?"

கைப்பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் செருப்பு, வாயில் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள் மகள். அப்பாவைப் பார்க்க என்று பெயர்.

"நான் விடல அண்ணி" என்றாள் தம்பியின் மனைவி.

"நீ விடல. நான் விடல. மீன்தான் விரலை வச்சுக் கோடு போட்டுச்சா?"

கூடத்தில் இருந்தது உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் அப்பா தனக்காகக் கட்டிக்கொண்டது. ஆழம் குறைவு, நீளம் அதிகம். அடியில் வெள்ளை மணல். போன வாரம்தான் ரப்பர் குழாய் வைத்து அழுக்கை உறிஞ்சி, மேசை மாதிரி நிரவிவிட்டுப் போனாள். இப்போது அதன்மேல் கோடுகள். ஒரு கையின் விரல்கள் இழுத்த மாதிரி, பக்கத்தில் பக்கத்தில்.

வாராவாரம் இதே கூத்து.

அப்பா தொட்டிக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. வலது கை மடியில், துண்டுக்கு அடியில் கிடந்தது.

"இவரை இந்த இருட்டுலயே உக்கார வச்சிருக்கியே, ஒடைஞ்ச நாற்காலி மாதிரி. ஜன்னலையாவது தொறக்கக் கூடாதா?"

"வெளிச்சம் பட்டா தொட்டியில பாசி பிடிக்கும்னு நீங்கதானே அண்ணி மூடச் சொன்னீங்க."

மகள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். குனிந்து கோடுகளைப் பார்த்தாள்.

அந்த மணலை யார் வேண்டுமானாலும் கிளறிவிட முடியாது. மேலாக, நகம் மூழ்கும் அளவுக்குக் கிளறலாம். அதற்குக் கீழே கறுப்பு. அதைத் தொட்டால் அழுகின முட்டை நாற்றம் வரும். விஷம் ஏறும். மீன் அத்தனையும் மல்லாந்துவிடும். அந்த ஆழம் தெரிந்த விரல் அப்பாவுடையது ஒன்றுதான். மகளுக்கே குழாயைத்தான் கொடுப்பார். கையை விட விடமாட்டார்.

இந்தக் கோடுகள் எல்லாம் ஒரே ஆழம். ஒன்றுகூடக் கறுப்பைத் தொடவில்லை.

அப்பாவின் வலது கை வேலை; இடது கைக்கு இந்த ஆழம் பிடிபடாது. அந்தக் கைதான் செத்துப்போயிற்றே?

வெளியூரில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அம்மாவா இருக்கும்க்கா" என்றான் அவன்.

"செத்தவளை எதுக்குடா இழுக்கற?"

"உயிரோட இருக்கும்போதே அந்தத் தொட்டி அவளுக்குச் சக்களத்தி. இப்ப மட்டும் சும்மா விடுவாளா?"

"வாயைக் கழுவு."

வைத்துவிட்டாள். சிரிப்பு வரவில்லை.

குழாயை எடுத்தாள். மணலை நிரவ ஆரம்பித்தாள். மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டன. பின்னால் ஒரு சத்தம். தண்ணீர் வற்றிய குழாயில் காற்று ஏறுகிற மாதிரி.

திரும்பினாள். சத்தம் அப்பாவின் தொண்டையிலிருந்து. அவர் கண் மணல்மேல் குத்திட்டு நின்றது.

வேகவேகமாக நிரவி முடித்தாள்.

"இதோ பாரு. இன்னொரு தடவை கலைஞ்சுதுன்னா ஆள் வச்சுத் தொட்டியைத் தூக்கிடுவேன். மீனும் வேணாம், பேயும் வேணாம்."

தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. "தூக்காதீங்க அண்ணி. இது இல்லாட்டி மாமா..."

"மாமாவைச் சாக்கு சொல்லாதே. அவரே பேசாம இருக்கார், உனக்கென்ன பேச்சு?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளிக்கதவைப் படாரென்று சாத்தினாள். போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். ஆவியோ ஆளோ, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது.

சமையலறை வழியாக வந்து கூடத்து நிலையோரம் நின்றாள்.

கூடத்தில் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும். தண்ணீருக்குள் ஒரு கை. வெளுத்து, ஊறிப்போன கை. மெல்ல, மிக மெல்ல மணலை இழுத்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒதுங்கிய மீன்கள் இப்போது அதன் விரலிடுக்கில் நுழைந்து நுழைந்து வந்தன.

அந்தக் கை முடிந்த இடத்தில் அப்பாவின் வலது தோள் இருந்தது. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

கத்த வாயெடுத்தாள். அப்போதுதான் தரையில் இருந்தவளைப் பார்த்தாள்.

தம்பியின் மனைவி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமனாரின் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கியிருந்தாள். தாங்கல்தான் அவளுடையது. விரல்கள் தாமாக நகர்ந்தன.

"அவங்க அழிச்சா அழிக்கட்டும் மாமா. நாம மறுபடி போடலாம். இன்னும் கொஞ்சம். அதோ, கட்டை விரலும் வருது பாருங்க."

கோணிய வாய் சிரிப்பு என்று அப்போதுதான் மகளுக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" மகள் நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள்.

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையை மட்டும் விடவில்லை.

"கொஞ்ச நாளாத்தான் அண்ணி. வெளியில கல்லு மாதிரி கிடக்கு. தண்ணிக்குள்ள கனம் தெரியல போல. விரல் வருது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் அவர் பொண்ணு இல்லையா?"

"சொன்னேனே அண்ணி. விரல் அசைஞ்ச வாரமே, நீங்க வந்தப்ப ஓடி வந்து சொன்னேன். நீங்க குழாயும் கையுமா இருந்தீங்க. 'கத்தாதே, மீன் மிரளும்'னீங்க."