நாலாவது பெயர்

"பழைய ஈயக் குழாய் எங்க அக்கா?"

"புதைச்சிட்டேன் சார்," என்றாள் எனியோனம். "யாராவது எடுத்து மறுபடி மாட்டிட்டா?"

உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்திருந்த செலோம் சிரித்துவிட்டார். "சட்டத்தைவிட நீங்க கறாரா இருக்கீங்க."

வோல்ட்டா ஆற்றோரம் பனஞ்சாராயம் காய்ச்சுகிறவர்களில் அன்று அவர் சோதித்த கடைசி ஆள் அவள்தான். புதுக் குழாய் செம்பு. எல்லாப் போத்தலிலும் சீட்டு ஒட்டியிருந்தது. காரம் அளக்கும் கண்ணாடிக் குழல் சரியான கோட்டில் மிதந்தது.

ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது விழாவிட்டால் சாயங்காலத்துக்குள் அடுப்பை இடித்து, ஊறலைக் கொட்டிவிடுவார்கள்.

பேனாவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார்.

"முன்னோருக்கு ஊத்திட்டு எனக்கும் ஒரு வாய் குடுங்க அக்கா. ஊத்தாம குடிச்சேன்னு தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா."

அவர் இதைக் கேட்டுவிடுவாரோ என்றுதான் காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தாள்.

இந்த மண்ணில் கிடக்கிற செத்தவர் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒருவரை விட்டாலும், அவர் மற்றவர்களையும் குடிக்க விடமாட்டார்.

குந்தி உட்கார்ந்து ஒரு போத்தலை மண்ணில் சாய்த்தாள்.

"அப்பா அக்பெகோ, குடிங்க. மாமா குவாமி, குடிங்க. என் புருஷன் எடெம், நீயும் குடி."

நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மாதமாக மழை பார்க்காத மண். சாராயம் அதில் இறங்கவில்லை. எண்ணெய் போல மேலேயே நின்றது.

"அவ்வளவுதானா அக்கா?"

தேங்கி நின்றதில் குமிழிகள் வந்தன. ஒன்று, இன்னொன்று. அடியிலிருந்து யாரோ மூச்சு விடுவது போல.

அடுப்பின் தீ தானாகத் தாழ்ந்தது. செலோமும் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, மண்ணு குடிக்க மாட்டேங்குது?"

இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் நின்றது. குமிழிகள் அவள் கால்விரல் பக்கமாக நகர்ந்து வந்தன.

உதடு அசையாமல் நாலாவது பெயரைச் சொன்னாள்.

"எலிகெம்."

மண் ஒரே மடக்கில் குடித்தது.

பின்னால் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"எலிகெம் சார் நாற்காலியிலதான் என்னை உட்கார வச்சிருக்காங்க அக்கா," என்றார் செலோம், மெதுவாக. "காணாமப் போயிட்டார்னுதான் சொன்னாங்க. செத்துட்டார்னு யாருமே சொல்லலையே."